வேங்கைமலைத் தீக்கோடு

தீயில் பிறந்து சரவணத்தில் தான்குளிர்ந்த
சேயே எமைக்காவாய் சேர்ந்து.

வேங்கைமலைக் குமரன் திருவடி வாழ்க. புதிய நோட்டில் அவனுக்கு ஒரு பாட்டு எழுதாமல் மற்றதை எழுதுவது எங்கள் குடியில் வழக்கமில்லை. அடியேன் சிற்சபேசன், இக்கோயிலின் ஓதுவார். இனி நாள்வாரியாக.

தை 5, திங்கள்

காலைப் பூசையில் பதிகம் பாடி முடித்ததும் நிர்வாக அலுவலர் எல்லாரையும் மண்டபத்தில் கூட்டினார். மடைப்பள்ளிக் கண்ணுப்பிள்ளை, தவில் இசக்கிமுத்து, பூக்கடைப் பேராச்சி, பணி ஓய்வு பெற்றும் பாட்டு ஓயாத நான். இன்னும் சிலர். எதிரே காக்கிச் சீருடையில் ஓர் அம்மையார். வனவர் செண்பகவடிவு என்றார்கள். சென்ற மாதம் இங்கே மாற்றலாகி வந்தவர். வரும் ஆனியில் ஓய்வு பெறப் போகிறவர்.

அவர் கொண்டு வந்த செய்தி எங்கள் தலையில் இடியாக இறங்கியது. இவ்வாண்டு பங்குனி உத்திரத்துக்கு மலைப்பாதை திறக்கப்படாது. பாதையை ஒட்டித் தீத்தடுப்புக் கோடு எரித்தால்தான் சூடமும் பந்தமும் ஏந்தி வரும் அடியார்களை மேலே விடுவார்கள். கோடு எரிக்க ஆள் இல்லை.

"எட்டுத் தீக்காவலர் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பேரு இருக்காக. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முட்டுவலி" என்றார் அம்மையார்.

நான் எழுந்தேன். உத்திரத்தன்று உச்சிக் கோயிலில் பாடுவது என் தந்தை காலம் தொட்டு எங்கள் பணி. ஒரு பங்குனியும் தவறியதில்லை. ஆயினும் என் வாயில் முதலில் வந்தது வேறு. "முருகன் குடியிருக்கும் காட்டுக்கு நாமே தீ வைப்பதா? இது என்ன நியாயம்?"

அவர் சினக்கவில்லை. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "ஓதுவாரய்யா, பங்குனியில காஞ்ச புல்லு பூராவும் நிக்கும். எவனோ ஒருத்தன் பீடியப் போட்டான்னா மல முழுக்க எரியும். இப்பவே குளுந்த நேரம் பாத்து, நாமளே சின்னத் தீயா வெச்சுப் புல்லத் தின்ன விட்டுட்டா, பெறவு பெரிய தீ வந்தாலும் அதுக்குத் திங்க ஒண்ணும் இருக்காதுல்லா?"

எனக்குச் சட்டென்று கூத்தப்பெருமானின் திருக்கரங்கள் நினைவில் எழுந்தன. ஒரு கையில் தீ. இன்னொரு கை அஞ்சாதே என்கிறது. இரண்டும் ஒரே திருமேனியில் ஏன் இருக்கின்றன என்று இத்தனை காலம் பாடியும் நான் கேட்டதில்லை.

"பத்துப் பேரு தொண்டுக்கு வந்தா நானே பழக்கி விடுதேன். வனச்சரகர்கிட்ட அனுமதி வாங்குறது என் பொறுப்பு" என்றார். எந்தக் கை முதலில் உயர்ந்தது என்று திரும்பிப் பார்த்தேன். அது என்னுடையது.

தை 8, வியாழன்

கான்வாஸ் காலணி வாங்கினேன். காட்டு முள்ளுக்காக. வேறொன்றுமில்லை.

தை 12, திங்கள்

பயிற்சி தொடங்கிற்று. பாதையை ஒட்டி ஒரு கீற்று, பத்தடி தள்ளி இன்னொரு கீற்று. இரண்டிலும் புல்லைச் செதுக்கி மண் தெரியச் செய்ய வேண்டும். நடுவே நிற்கும் காய்ந்த புல்லைப் பனி ஈரம் உலர்ந்தும் உலராமலும் இருக்கும் வேளையில், காற்று எழுமுன் எரித்துவிட வேண்டும். செதுக்கிய கீற்றைத் தாண்டி ஒரு பொறி விழுந்தாலும் பச்சைத் தழைக் கொப்பால் அடித்து அணைக்க வேண்டும். முதுகில் நீர்த்தெளிப்பான் சுமப்பது பேராச்சியின் வேலை.

"நாப்பது வருசமா அடுப்படியில நிக்கேன். தீ எனக்குப் பேரப்பிள்ள மாதிரி" என்றார் கண்ணுப்பிள்ளை.

"பேரப்பிள்ளன்னா ஓடத்தான் செய்யும் அண்ணாச்சி. கொப்பக் கீழ வெக்காதிய" என்றார் வனவரம்மா.

இசக்கிமுத்து கொப்பால் புல்லைத் தட்டினால் அது ஆதிதாளமாகிவிடுகிறது. மற்றவர்களும் அந்தக் கணக்கிலேயே தட்டினோம். அம்மையார் நின்று கேட்டு, "நல்லாருக்கே. இப்பிடித் தட்டுனா ஒருத்தரும் அசர மாட்டிய" என்று சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் சற்றே முன்வந்திருக்கிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை.

மதியம், தனிக்கட்டையான எனக்குச் சமைத்துப்போடும் தங்கை உலகம்மாள் கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பகிர்ந்துகொண்டோம். வனவரம்மா ஒரு வாய் உண்டு, உப்பு ஒரு கல் குறைவு என்றார். வீட்டுக்கு வந்து தங்கையிடம் தெரிவித்தேன்.

"உங்களுக்கு இத்தன வருசம் வடிச்சுக் கொட்டுதேன். ஒரு நாளாவது உப்பப் பத்திப் பேசியிருக்கியளா?" என்று கேட்டாள்.

பணியாளர் நலன் கருதிச் சொன்னதாக விளக்கினேன்.

தை 14, புதன்

உப்பு இன்று சரியாக இருந்ததாம். வேட்டிக்கு இஸ்திரி போடச் சொன்னேன். "காட்டுக்குள்ள புல்லுச் செதுக்கவா?" என்று கேட்ட உலகம்மாளிடம் மேல்துண்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

தை 16, வெள்ளி

மாலையில் கந்தவேள் வள்ளியை மணந்த கதையைக் கோயிலில் விரித்துரைத்தேன். தினைப்புனம் காத்தவளிடம் பெருமான் முதிய அடியார் வேடத்தில் வந்து தேனும் தினைமாவும் கேட்ட இடத்தை வழக்கத்தைவிடச் சற்று விரிவாகச் சொன்னதாக இரண்டொருவர் கருத்து. காட்டைக் காப்பவள் எத்துணை உயர்ந்தவள் என்பதை எடுத்துக்காட்டவே அவ்வாறு செய்தேன்.

வரும் வழியில் தங்கை சொன்னாள்: "முருகன் கெழவன் வேசத்தக் கழட்டிப் போட்டுட்டு நின்னாரு. நீங்க எதக் கழட்டப் போறிய அண்ணே?"

இவள் வாய்க்கு ஒரு தீக்கோடு வேண்டும்.

தை 19, திங்கள்

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் எரிப்பைக் காண வனச்சரகர் வந்திருந்தார். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை. பக்கத்தில் எங்கள் புளியோதரைக் கூடை. நாங்கள் பதினொருவரும் கோட்டின் ஓரமாகக் கொப்பும் கையுமாய் வரிசையில் நின்றோம். காற்றில்லை. வனவரம்மா கையைத் தூக்கினார். மங்கலமாகத் தொடங்கட்டுமே என்று கண்ணுப்பிள்ளை ஒரு தட்டில் சூடம் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்தே புல்லுக்குத் தீ வைத்தார்.

தீ எழுந்தது. எப்படி எழுந்தது! பொன்னிறமாய், ஆள் உயரத்துக்கு, ஓசையின்றி. இசக்கிமுத்து வாயாலேயே தவில் முழக்கினான். யாரோ "வெற்றிவேல் முருகனுக்கு" என்றார்கள்.

"அரோகரா!" என்றோம் பதினொருவரும்.

கொப்புகளைக் கீழே போட்டோம். கைகளைத் தலைக்கு மேல் குவித்தோம். கண்களை மூடினோம். பிறந்த நாள் முதலாகச் சுடரைக் கண்டால் எங்கள் உடல் செய்யும் வேலை அது. எங்களைக் கேட்டுச் செய்வதில்லை. நான் ஒருபடி மேலே போய்ப் பாடவும் தொடங்கிவிட்டேன்.

முதல் அடி முடியுமுன், "கண்ணத் தொறங்கய்யா! அய்யா, கண்ணத் தொறங்க!" என்று ஒரு குரல் மலையே அதிரக் கேட்டது.

திறந்தேன். தீ கோட்டைத் தாண்டி உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்திருந்தது. சரகர் எழுந்து ஓடிய நாற்காலி வளைந்து உருகிக்கொண்டிருந்தது. குடையில் கம்பிகள் மட்டும். புளியோதரைக் கூடை அக்கினி பகவானுக்கு அவிர்ப்பாகமாயிற்று. வனவரம்மாவும் இரு காவலர்களும் (முட்டுவலிக்காரர் உட்பட) பாய்ந்து பாய்ந்து அடித்தார்கள். பிறகுதான் நாங்களும் கொப்பைத் தேடி எடுத்து அடித்தோம். ஒருவருக்கும் காயமில்லை, முருகன் காத்தான்.

"இது ஃபயர் லைனா, கோயில் கொடை விழாவாம்மா?" என்று சரகர் கேட்டார். "கோயில் கூட்டத்த வெச்சுக் காட்ட எரிக்க முடியாது. இதோட நிறுத்திக்கோங்க. பாத மூடுனது மூடுனதுதான்."

வனவரம்மா தலை குனிந்து நின்றார். என் மேல்துண்டின் முனை கருகியிருந்தது. அதைவிட அவர் தலை குனிந்ததுதான் என்னைச் சுட்டது.

தை 20, செவ்வாய்

உணவு செல்லவில்லை. உச்சிக் கோயிலில் இவ்வாண்டு பாட்டில்லை. அதுவும் என்னால்.

மாலை வாசலில் செருப்புச் சத்தம். வனவரம்மா! நேற்றைய குழப்பத்தில் நான் தவறவிட்ட திருநீற்றுச் சம்புடத்தைக் கொண்டு வந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியங்களை மனத்துள் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். நின்றபாடில்லை. உலகம்மாள் காப்பியோடு வந்து, விவரம் கேட்டு, அவளும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முப்பது வருசமாத் தீய அணைக்கேன். தீயக் கண்டு ஓடுனவன பாத்திருக்கேன். தீயப் போட்டோ எடுத்தவன பாத்திருக்கேன். தீயக் கும்பிட்டுப் பாட்டுப் படிச்ச தீக்காவலர நேத்துத்தான் பாத்தேன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிழை பொறுக்க வேண்டும் அம்மா. அது எங்கள் உடம்பில் ஊறியது" என்றேன்.

"எனக்கு நேர்மாறா ஊறிப்போச்சு. தீ எரியயில நான் கண்ண மூடுனதே கெடையாது. கோயில்ல தீபம் காட்டயிலகூட மூட வராது. எல்லாரும் சாமியப் பாத்து மூடுதாக. நான் திரியத்தான் பாத்துட்டு நிப்பேன்."

தங்கை அவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். (நான் கேட்கச் சொல்லவில்லை.)

"வருசத்துக்கு ஒரு காடா மாத்திக்கிட்டே இருந்தாக. எந்த மாப்பிள்ள தேடி வருவான்? புலிதான் வந்துச்சு" என்றார்.

எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று சொன்னார்: "சரகர்கிட்ட ஒரு வாய்ப்புக் கேட்டிருக்கேன். கண்ணத் தொறந்து கும்பிடப் பழகிட்டியன்னா, மாசி பொறந்ததும் ஒரே ஒரு நாளு. மறுபடியும் கோட்ட விட்டா நானும் இல்ல, பாதையும் இல்ல."

அவர் போனபின் இரண்டு தோசை உண்டேன். பிறகு இன்னும் இரண்டு.

தை 24, சனி

மண்டபத்தில் பயிற்சி. கண்ணுப்பிள்ளை சூடத் தட்டைக் காட்டுவார். நாங்கள் கொப்பைப் பிடித்தபடி கண் இமைக்காமல் நிற்க வேண்டும். கண்ணை மூடுபவர் முகத்தில் பேராச்சி தெளிப்பானால் நீரைப் பீய்ச்சுவாள்.

எனக்கு மும்முறை நீராட்டு. மூன்றாம் முறை நான் கண்ணை மூடவேயில்லை என்று வாதிட்டேன். "மூடப் போனிய" என்றாள் பேராச்சி. குருக்கள் திருச்சுற்றில் நின்று பார்த்து, பரிவட்டத்தால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

எனக்குச் சாத்திரம் துணை நின்றது. தேவர்களுக்கு இமையோர் என்றே பெயர். அவர்கள் கண்கள் இமைப்பதில்லை. நந்தியெம்பெருமான் ஒரு கணமும் கண் மூடாமல் ஈசனையே நோக்கி அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பத்தி குறைவென்று யார் சொல்வார்? இதை எல்லாருக்கும் எடுத்துரைத்தேன். வனவரம்மா தரையில் அமர்ந்து கேட்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தியன்னா ஒரு நாற்காலி மிஞ்சியிருக்கும்" என்றார்.

தை 27, செவ்வாய்

ஒரு முறையும் நனையவில்லை.

மாசி 2, சனி

அனுமதி கிடைத்துவிட்டது! நாளை காலை. ஆனால் குறைந்தது பத்துத் தொண்டர்கள் இருந்தால்தான் தீ வைக்கலாம் என்று எழுத்தில் கட்டளை. நாளையோ முகூர்த்த நாள். இசக்கிமுத்து ஒரு கல்யாணத்துக்குத் தவில் வாசிக்க முன்பணம் வாங்கியிருக்கிறான். கண்ணுப்பிள்ளை அதே கல்யாணத்தின் பந்திக்குச் சாம்பார் வைக்கிறார். பதினொருவர் ஒன்பதாகிவிட்டோம். இன்னும் ஒருவர் வேண்டும். தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். சரகரின் நாற்காலிக் கதை எனக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போயிருந்தது.

வனவரம்மா மண்டபப் படியில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். "என் வேல முழுக்க இதான் அய்யா. தீ இருக்கும், ஆளு இருக்காது" என்றார். முதன்முறையாக அவர் குரலில் களைப்பைக் கேட்டேன்.

மாசி 3, ஞாயிறு

முருகா! எங்கிருந்து தொடங்குவேன்?

அதிகாலையில் ஒன்பது பேரும் கோட்டருகே சென்று நின்றோம். பத்தாவது ஆளாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் புழக்கடை விளக்குமாற்றுடன் வந்து சேர்ந்தவள் என் தங்கை உலகம்மாள். "எங்கண்ணன் முகத்த இன்னொரு நாளு அப்பிடிப் பாக்க முடியாது. எங்க நிக்கணும்?" என்றாள்.

வனவரம்மா புது விதி ஒன்று வைத்தார். தவில் இல்லாததால் நான் பாட வேண்டும். என் காலப் பிரமாணத்துக்கு எல்லாரும் தட்ட வேண்டும். "ஓதுவாரய்யா உசரத்துல நிப்பாக. தீ தாண்டுனா அவுக கண்ணுக்குத்தான் மொதல்ல தெரியும். பாட்டு நின்னுச்சுன்னா எல்லாரும் திரும்பிப் பாக்கணும். வெளங்குச்சா?"

நான் ஓரத்துப் பாறை மேல் ஏறியதும் தீ வைத்தார்கள். அதே பொன்னிறம். என் கைகள் கும்பிட எழ முயன்றன. பாறை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டேன். இமைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடினேன். கீழே பத்தடி அகலத்தில் நெருப்பு ஒரு தேர் போல நிதானமாக நகர்ந்தது. இருபுறமும் என் மக்கள் தாளத்தோடு தட்டி அதை நடத்திச் சென்றார்கள். தீயைத் தேராக நான் என்றும் கண்டதில்லை. கண்ணை மூடியவனுக்கு எப்படித் தெரியும்?

பதிகத்தின் கடைசிப் பாட்டில், பெருமானின் பெயர் உச்சத்தில் வந்து நிற்கும் இடம். குரலில் மேலே எழுந்தேன், பெயரின் முதலெழுத்தைத் தொட்டேன். அப்போது பாதி தூரத்தில் காற்று புரண்டது. ஒரு தழல் எழுந்து, மடிந்து, கோட்டுக்கு அப்பால் ஓர் உலர்ந்த புதர்த் தூற்றில் இறங்குவதைக் கண்டேன்.

பாட்டை நடுவில் முறிப்பது எங்களுக்குப் பாவம். பெருமான் பெயரிலேயே முறிப்பதை என் தந்தை கேட்டிருந்தால் உணவு கொள்ளமாட்டார்.

வாயை மூடினேன்.

அந்த மௌனம் மலையில் எதிரொலித்தது போலிருந்தது. ஒன்பது தலைகள் ஒன்றாகத் திரும்பின. நான் கை காட்டுமுன் உலகம்மாளின் விளக்குமாறு அந்தத் தூற்றின் மேல் விழுந்தது. அடுத்து வனவரம்மாவின் கொப்பு. அடுத்துப் பேராச்சியின் நீர். புகைந்து அணைந்தது.

வனவரம்மா நிமிர்ந்து, கரி படிந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "மிச்சத்தப் படிங்க அய்யா. சாமி பாதியில நிக்காரு" என்றார்.

விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். அந்தப் பெயர் இதுவரை என் தொண்டையில் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

கோடு முழுதும் கறுத்தது. சரகர் தொலைவில் நின்றே பார்த்தார் (நாற்காலி வேண்டாமென்றாராம்). "பாத தொறக்கும்" என்றார். அவ்வளவுதான், நாங்கள் அனைவரும் குதித்தோம். நானும் குதித்தேன். அறுபத்து நான்கு வயதில் கான்வாஸ் காலணி எவ்வளவு உதவுகிறது!

மாசி 22, வெள்ளி

மேற்குச் சரிவிலிருந்து பெரிய தீ வந்தது. பிற்பகல் முழுதும் புகை. வனவரம்மாவும் காவலர்களும் மேலே; நாங்கள் கீழே நின்று, கண் திறந்து வேண்டிக்கொண்டோம். கோடு வரை வந்தது. தின்ன ஒன்றும் இல்லை. நின்றது.

அவர் இறங்கி வரும் வரை நான் அமரவில்லை என்று தங்கை எல்லாரிடமும் சொல்கிறாள். அமர இடம் இல்லை என்பதே உண்மை.

பங்குனி 9, திங்கள்

ஆனி வந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவாராமே என்று பேராச்சி கேட்டாள். போகத்தானே வேண்டும் என்றேன். இன்று பாடும்போது ஓரிடத்தில் சுருதி விலகிற்று.

பங்குனி 18, புதன் — உத்திரம்

இறைவனும் இறைவியும் மணக்கோலம் கொள்ளும் நாள். பாதை திறந்தது. ஓரமாய்க் கறுத்த கோட்டில் ஊசி ஊசியாகப் பசும்புல் எழுந்திருந்தது. அதை ஒட்டிக் காவடிகளும் பந்தங்களும் ஏறின.

உச்சிக் கோயிலில் பாடினேன். கண்ணுப்பிள்ளையின் சர்க்கரைப் பொங்கல், இசக்கிமுத்துவின் தவில். திரை விலகிற்று. தீபாராதனை. "அரோகரா!" என்று மலை முழங்கியது. ஆயிரம் கைகள் உயர்ந்தன. ஆயிரம் கண்கள் மூடின.

என் கண்கள் மூடவில்லை. பழகிவிட்டன. சுடரைப் பார்த்தேன்; சுடருக்கு அப்பால் மணக்கோலப் பெருமானைப் பார்த்தேன்; பிறகு, சுடருக்கு இப்பால், எதிர் வரிசையில், காக்கி உடுத்தாமல் மாம்பழ நிறச் சேலையில், திறந்திருந்த இரு கண்களைப் பார்த்தேன். அவை திரியைப் பார்க்கவில்லை.

அத்தனை கூட்டத்தில் கண் திறந்திருந்தவர் நாங்கள் இருவரே. அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். சந்நிதியில் சிரித்தேன், முருகன் முகத்திலும் சிரிப்புத்தான் இருந்தது.

இறங்கும் வழியில் என் பக்கமாக நடந்தார்.

"கண்ண மூடலயா அய்யா?"

"தங்கள் உத்தரவு, வடிவம்மா."

"உத்தரவு காட்டுத் தீக்குத்தான்."

நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டிருக்கையில் பின்னாலிருந்து உலகம்மாள், "இன்னும் எத்தன பதிகம் படிச்ச பெறவு வாயத் தொறப்பிய அண்ணே?" என்றாள்.

அவர் நின்று, கோட்டுப் புல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "ஆனியோட என் உத்தியோகம் முடியுது. இந்தக் கோட்ட வருசா வருசம் எரிக்கணும். ஊருக்குப் போயிட்டா யாரு பாப்பா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே: "இங்கனயே வீடு பாக்கலாம்னு இருக்கேன். தனியா முடியாது. கூட ஒரு ஆளு வேணும். எப்பவும் ஆளுக்குத்தான் பஞ்சம்."

எந்தக் கை முதலில் உயர்ந்தது என்று இம்முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்நோட்டு எவர் கைக்குச் சென்றாலும், அவர் இல்லத்து அடுப்பு அணையாதிருக்க. அவர் புலத்தில் பெருந்தீ நுழையாதிருக்க. அவர் மனையில் துணையும் சிரிப்பும் குறையாதிருக்க. சுடர் காணும் கண்கள் நெடுங்காலம் திறந்திருக்க. வேங்கைமலைக் குமரன் காப்பானாக. வாழி, வாழி.